தாசில்தார் தூங்காத வீடு

பிப்ரவரி 14, புதன்

இன்று திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பும்போதே இந்தத் தவக்காலத்துக்கு எதை விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா வழக்கம்போல மீனையும் கறியையும் விட்டுவிட்டார். ஈஸ்டர் வரை வீட்டுக்குள் மீன் வாடையே வரக் கூடாது என்று நேர்ச்சை. அம்மா சமைக்காவிட்டால் நானும் சாப்பிடப் போவதில்லை, அதில் எனக்கு என்ன பெருமை? விடுவதற்குக் கஷ்டமானதைத்தான் விட வேண்டும் என்று மறைக்கல்வி டீச்சர் சொன்னார். ஆகவே நான் முணுமுணுப்பை விடுகிறேன். ஈஸ்டர் வரை எதைப் பற்றியும் யாரிடமும் குறை சொல்ல மாட்டேன். எழுதுவது கணக்கில் வராது. முணுமுணுப்பு என்பது வாயால் செய்வது.

இந்த முடிவைக் காலையில் எடுத்தேன். மாலையில் நாய் வந்தது.

இசக்கி அக்காவின் நாய். இசக்கி அக்கா பொங்கலுக்குப் பிறகு எங்கள் வீட்டு முன்னறைக்குக் குடிவந்தவர். ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு எதிரில் அவருடைய ஸ்டாண்டு. அப்பா இறந்த பிறகு இரண்டு வருடமாக அந்த அறை பூட்டியே கிடந்தது. இப்போது அறை அவருக்கு, அடுக்களை எல்லோருக்கும். நாயை இதுவரை திரேஸ்புரத்தில் அவருடைய தம்பி வைத்திருந்தார். தம்பிக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம். நாய்க்குக் கிடைக்கவில்லை.

செம்மண் நிறம். ஒரு காது நிற்கும், மற்றது விழுந்து கிடக்கும்.

“பேரு என்னக்கா?” என்று கேட்டேன்.

“தாசில்தார்.”

“இதென்ன பேரு?”

“எத்தன மட்டம் கூப்பிட்டாலும் வரமாட்டான்ளா. வந்தாலும் உக்காந்துக்கிடுவான். ஒரு வேல நடக்காது.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நெற்றியில் இன்னும் சாம்பல் இருந்தது. ஒறுத்தல் தொடங்கிய நாளிலேயே இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. முணுமுணுப்பாகிவிடும்.

பிப்ரவரி 15, வியாழன்

ஊளை.

பிப்ரவரி 17, சனி

கோபத்தில் ஒரே சொல்லோடு நிறுத்திவிட்டேன். அறிவியல் படிப்பவள் அப்படிச் செய்யக் கூடாது. விவரமாக எழுதுகிறேன்.

நாய் குரைக்கும் என்பது எனக்குத் தெரியும். தாசில்தார் குரைப்பதில்லை. நள்ளிரவுக்குப் பிறகு மூக்கால் ஒரு சிணுங்கல் எழும். அடுத்து முன்கதவை நகத்தால் பிராண்டும். பிறகு, கோயில் ஆர்மோனியத்தில் யாரோ ஒரு கட்டையை அழுத்திவிட்டுக் கையை எடுக்க மறந்ததுபோல, ஒரே சுரத்தில் நீளமாக ஊளை. என் கட்டிலுக்கும் முன்னறைக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்.

“லேய் தாசில்தார், படுல சவமே!” என்று இசக்கி அக்காவின் குரல் வரும். அடுத்த நிமிடம் அவருடைய குறட்டை வரும். நாய் தொடரும்.

இன்று காலை அவர் கேட்டார். “தூக்கம் கெட்டுச்சோ, மெர்சி?”

“இல்லக்கா.”

குறை சொல்லவில்லை, சரி. ஆனால் பொய் சொன்னேன். எது பெரிய பாவம் என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 26-இல் தொடங்குகிறது. அதையும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். ஊளை பஞ்சுக்குள்ளும் வந்தது. தலையணையைத் தலைக்கு மேல் வைத்தேன், மூச்சு முட்டியது. பாயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அங்கே ஊளை குறைவு. எறும்பு அதிகம்.

பிப்ரவரி 23, வெள்ளி

சிலுவைப்பாதை. ஒன்பதாம் தலம், இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார். நின்றபடியே தூங்கிப்போய் நானும் விழுந்தேன். பக்கத்திலிருந்த பெரியம்மா ஒருவர் பக்தி மயக்கம் என்று நினைத்து என் கையை முத்தமிட்டார்.

பிப்ரவரி 26, திங்கள்

நூலகத்தில் நாய்களைப் பற்றி இருந்த ஒரே புத்தகத்தை எடுத்து வந்தேன். பனிப் பிரதேசத்தில் வண்டி இழுக்கும் நாய்களைப் பற்றியது. தூத்துக்குடிக்குப் பயன்படாது. நிலவைப் பார்த்து ஊளையிடும் என்று மட்டும் ஓர் இடத்தில் இருந்தது. சனிக்கிழமை பௌர்ணமி, ஊளை. அதுவரை ஒத்துவந்தது. நேற்று நிலவு அப்படியேதான் இருந்தது, ஆனால் ஊளையே இல்லை. முந்தைய ஞாயிறும் இல்லை. தாசில்தாருக்கு ஞாயிறு விடுமுறை போலிருக்கிறது.

மார்ச் 2, சனி

ஒன்றைக் கண்டுபிடித்தேன். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கேரளாவுக்குப் போகும் ஐஸ் லாரிகள் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். இந்தத் தெருவிலேயே பிறந்ததால் லாரி போவது என் காதில் விழுவதே இல்லை. மூன்று நாளாகக் கவனித்ததில், லாரி போன பிறகுதான் சிணுங்கல் தொடங்குகிறது. ஞாயிறு இரவு லாரி கிடையாது.

ஆகவே காரணம் ஹாரன் என்று கருதி, இன்று பகலில் இசக்கி அக்காவின் ஆட்டோ ஹாரனைத் தாசில்தாரின் காதருகே அமுக்கினேன். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் வெளியே வந்து, “படிக்கிற பிள்ள செய்ற வேலையா இது?” என்றார்.

காரணம் ஹாரன் இல்லை. வேறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

என் அறிவியல் புத்தகத்தின் முதுகை நாய் நக்கிவிட்டது. கடிக்கவில்லை. பசை ஒட்டிய இடத்தை மட்டும், ஐஸ்கிரீம் சாப்பிடுவதுபோல மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. இப்போது உயிரியல் தனியாகவும் வேதியியல் தனியாகவும் இருக்கிறது.

இசக்கி அக்காவின் காக்கிச் சட்டையையும் நக்குகிறது. மீன் விற்கும் பெண்களை ஏற்றி இறக்கிய நாட்களில் அவரை வாசலிலேயே மறித்துக்கொள்கிறது. அவரோ சட்டையைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் குளிக்கத்தான் போகிறார். அந்தச் சட்டை வாளி நீரில் முங்கும் வரை நாய் பக்கத்திலேயே நின்று பார்க்கிறது, உறவினரை வழியனுப்புவதுபோல.

மார்ச் 9, சனி

இந்த வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். மரியாதையில் ஒருவருக்கு ஒருவர் சளைத்தவர்கள் இல்லை.

அம்மா இன்று தாசில்தாருக்கு ரசம் சாதம் பிசைந்து, நெய் விட்டு, அப்பளம் நொறுக்கிப் போட்டுக் கொடுத்தார். நாய் அப்பளத்தை மட்டும் பொறுக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தது. “இசக்கி அதுக்குச் சோறுதான் போடுதா. அவ வளத்த மொற அப்படி போல. ஒருத்தர் வீட்டுப் பழக்கத்துல நாம என்னத்த சொல்ல?” என்றார் என்னிடம்.

மாலையில் இசக்கி அக்கா தட்டில் மிச்சம் கிடந்த ரசம் சாதத்தைப் பார்த்தார். “தின்னுல. எல்லாரும் திங்கதத்தான் நீயும் திங்கணும்,” என்று நாயை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஒங்கம்ம நேர்ச்சைக்கு என்னால ஒரு கொறையும் வந்துரக் கூடாது பாத்துக்க.”

நல்லது. என் படிப்புக்கும் யாராவது இப்படி ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டால் தேவலை.

நாய் இளைத்துவிட்டது. ஊர் மாறியதால் என்கிறார் இசக்கி அக்கா.

மார்ச் 10, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பூசை முடிந்ததும் அம்மா உப்பளத்துப் பக்கம் உள்ள மைதானத்துக்குப் போய் ஆட்டோ ஓட்டினார். இசக்கி அக்கா கற்றுக்கொடுத்தார். நானும் நாயும் பின்சீட்டில்.

“யக்கா, பிரேக்க அமுக்குங்க!”

“எது பிரேக்கு?”

“இப்ப நீங்க மிதிக்காதது!”

கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆட்டோ ஒரு கருவேலம் புதருக்குள் போய் நின்றது. அம்மா இறங்கவில்லை. ஹாண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு தோள் குலுங்க இருந்தார். அழுகிறார் என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தேன். சிரிப்பு.

பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. யாருக்காவது நினைவிருக்கிறதா?

மார்ச் 15, வெள்ளி

கணிதத் திருப்புதல் தேர்வு. நேற்று இரவு மூன்று லாரிகள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வட்டம் வரையத் தொடங்கியது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு டீச்சர் என் தோளைத் தட்டியது. விடைத்தாளின் மை என் கன்னத்தில் இருந்தது. வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா மார்க்கெட் திருப்பத்தில் நின்று, முந்தானையால் என் கன்னத்து மையைத் துடைத்தார். மை போகவில்லை.

“கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு ஒனக்கு. ஒரு வார்த்த சொன்னியா நீ?”

நோன்பு என்று விளக்கினேன். அம்மாவின் முகம் இன்னும் மோசமானது.

மார்ச் 16, சனி

அம்மா இன்று இசக்கி அக்காவிடம் பேசினார். நான் கதவருகே நிற்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன்.

“இசக்கி, தப்பா நெனைக்காத. பிள்ளைக்குப் பரிச்ச. தாசில்தார மட்டும் கொஞ்ச நாளைக்கி எங்கயாச்சும்…”

“அய்யோ, இதுக்கு ஏங்க்கா தயங்குதீய? நானே சொல்லணும்னு இருந்தேன்.”

“யாருகிட்ட விடுவ?”

“எவன்ட்ட விட? தம்பியும் போயிட்டான். தெரியாத ஆளுட்ட அது சோறே எடுக்காதுக்கா. கதிர்வேல்நகர்ல ஒரு ரூம்பு இருக்காம். நாங்க ரெண்டு பேருமே போயிருதோம்.”



“பரிச்ச முடிஞ்சப் பெறவு?” என்றார் அம்மா.

“அங்க போயிட்டா அங்கனயேதான்க்கா. ஒவ்வொரு மட்டமும் பெட்டியத் தூக்கிட்டு அலைய முடியுமா?”

வரும் சனிக்கிழமை போகிறார்கள். நல்ல செய்தி. தேர்வுக்கு முன் மூன்று இரவுகள் முழுதாகத் தூங்கலாம். நான் கேட்கவே இல்லை, கேட்காமலே கிடைத்துவிட்டது. ஒறுத்தலுக்குப் பலன் உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 18, திங்கள்

அம்மா ரசத்தைக் கரிய விட்டார். ரசம் எப்படிக் கரியும் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீரெல்லாம் வற்றும் வரை அடுப்பு முன்னாலேயேதான் நின்றிருக்கிறார். தலைவலியாக இருக்கலாம்.

ஊளை, வழக்கம்போல.

மார்ச் 19, செவ்வாய்

சமூக அறிவியல் இரண்டு பாடம் முடித்தேன். வீடு அமைதியாக இருக்கிறது. பெரியவர்கள் இருவரும் “உப்பு எங்க?”, “அந்தா இருக்கு,” என்று மட்டும் பேசிக்கொள்கிறார்கள். அம்மா கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவுகிறார். அப்பா இறந்த வருடமும் இப்படித்தான் கழுவுவார். படிப்பதற்கு மிகவும் வசதியான சூழ்நிலை. ஒரே பத்தியை நாலு தடவை படித்தேன்.

மார்ச் 21, வியாழன்

தேர்வுக்காகப் பள்ளி விடுமுறை. பெரியவர்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நண்பகலில் தெருவில் மீன்காரம்மாவின் குரல் கேட்டது. கேட்டவுடன் தாசில்தார் என் மடியிலிருந்த வரைபடத்தை மிதித்துக்கொண்டு, கொக்கி போடாத கதவைத் தலையால் முட்டித் திறந்து ஓடியது. கூப்பிட்டால் வராத நாய் இவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியாது.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மீன்காரம்மா கூடையை இறக்கியிருந்தார். தாசில்தார் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது. திருடவில்லை. வாலை ஆட்டவில்லை. கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க நிற்பவர்போல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

“யாரு வீட்டு நாய்? எலும்பெல்லாம் எண்ணிரலாம் போலயே,” என்று சொல்லி ஒரு சாளை மீனைப் போட்டார். நான் வேண்டாம் என்பதற்குள் இரண்டாவதையும் போட்டார். என்னைப் பார்த்து, “நல்லா வச்சிருக்கிய நாய,” என்றார். முகம் சுட்டது.

வீட்டுக்கு வந்து வாசல்படியிலேயே படுத்தது. ஒரு மணி நேரத்தில் எழும் என்று பார்த்தேன். மாலைத் தேநீர் நேரத்தில் பார்த்தேன். இசக்கி அக்கா வந்து தாண்டிப் போனபோதும் பார்த்தேன். வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டே இருந்தது.

மார்ச் 22, வெள்ளி

இரவு முழுக்க ஊளையே இல்லை. லாரி போனது. நான்தான் விழித்திருந்து கேட்டேன்.

ஹாரன் வரைக்கும் ஆராய்ந்தவள் நான். லாரியில் என்ன போகிறது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? ஐஸுக்கு அடியில் மீன். முன்கதவுக்கு அடியில் வாடை நுழைய இடைவெளி. இதைக் கண்டுபிடிக்க நூலகம் வேறு போனேன்.

காலையில் இசக்கி அக்கா முன்னறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நாளை சனிக்கிழமை. நான் வாசலில் நின்றேன். வாய் திறந்தால் நோன்பு போகும். திறந்தேன்.

“அக்கா, திரேஸ்புரத்துல தாசில்தார் என்ன சாப்பிட்டுச்சு?”

“என்னத்த? சாளதான். தம்பி தெனமும் ஏலக்கடையில அள்ளியாந்து அவிச்சுப் போடுவான்.”

“இங்க ஏன் போடல?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நல்லாக் கேட்டியே. ஒங்க நோம்புலா?”

“நாய்க்குமா?”

“பின்ன? எங்க ஊர்ல வீட்டுல ஒரு ஆளு திருச்செந்தூருக்கு மால போட்டா, அந்த வீட்டு நாய் பூன மொதக்கொண்டு சைவம். நாய் மீனத் தின்னுட்டு நடவீட்டுல வந்து நின்னா வெரதம் கெட்டுரும்லா? ஒங்கம்மயே அதுக்கு ரசஞ்சோறுதான வைக்காவ? அவிய வைக்கும்போது நான் வெளிய வச்சு மீனு குடுத்தா அது துரோகமில்லையா?”

 அடுக்களையைப் பார்த்து, “அம்மா!” என்று கத்தினேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

“நீங்க ஏம்மா தாசில்தாருக்கு ரசஞ்சோறு வச்சீங்க?”

“இசக்கி அதத்தான வைக்கா? அவ வீட்டு வழக்கம்…”

“எங்க வீட்டு வழக்கமா?” என்றார் இசக்கி அக்கா. “ஒங்க நேர்ச்சைக்குன்னுல்லாக்கா அத நான் பட்டினி போட்டேன்!”

“வாயில்லாச் சீவன நான் நோன்பு இருக்கச் சொன்னனா?”

“நீங்க சொல்லல. நானா வச்சேன்.”

“நீ வச்சேன்னுல்லா நானும் வச்சேன்!”

இருவரும் நாயைப் பார்த்தார்கள். அது எங்கள் வீட்டில் யாரும் இருந்திராத அளவுக்குக் கடுமையான தவக்காலம் இருந்திருக்கிறது. விழுந்த காதைத் தூக்காமலே ஒரு கண்ணால் எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அம்மாதான் முதலில் சிரித்தார். சுவரைப் பிடித்தார், பிடி கிடைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். “சாமி, அதுக்கு அப்பளம் வேற நொறுக்கிப் போட்டேனே!” என்றார். இசக்கி அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். “லேய் தாசில்தார், மன்னிச்சிருல மவனே,” என்று அதன் காலைப் பிடித்தார்.

“ரூம்புக்காரங்கிட்ட வரலன்னு சொல்லிரு,” என்றார் அம்மா. சிரிப்பை நிறுத்தாமலே சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு இசக்கி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெசமாவாக்கா?”

“பெட்டிய அவுளா முதல்ல.”

நோன்பை முறித்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன். “அது முணுமுணுப்பு இல்ல, கேள்வி. இத ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா என் ரசம் மிஞ்சியிருக்கும்,” என்றார்.

மார்ச் 23, சனி

நேர்ச்சை நேர்ச்சைதான் என்பதில் அம்மா பிடிவாதம். வீட்டுக்குள் மீன் வாடை வரக் கூடாது. ஆனால் வாசலுக்கு வெளியே வரக் கூடாது என்று தான் நேரவில்லையாம். எனக்கு இந்தத் தர்க்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

தெருக் குழாயடியில் உட்கார்ந்து அம்மாவே சாளையைக் கழுவினார். இசக்கி அக்கா வாங்கி வந்ததில் பாதியைத் தூரப் போட்டார். “கண்ணு வெளுத்துக் கெடக்கு பாரு, நாள்பட்டது. ஆட்டோ ஓட்டத் தெரிஞ்சா போதுமா? மீனு வாங்கத் தெரிய வேணாமா?” இரண்டு செங்கல் வைத்து, பழைய சட்டியில் அவித்து, ஆற வைத்து, முள்ளைக்கூட எடுத்துக் கொடுத்தார். தனக்கு ஒரு துண்டுகூட எடுத்துக்கொள்ளவில்லை. கையை மட்டும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்.

மார்ச் 25, திங்கள்

நாளை தமிழ்த் தேர்வு. ஒன்பது மணிக்கே படுத்தேன். நாய் அமைதி. முன்னறையில் அம்மாவும் இசக்கி அக்காவும் அமைதி இல்லை. எதிர்வீட்டுக்காரர் நடப்பதை இசக்கி அக்கா நடந்து காட்டுகிறார் போலிருக்கிறது. அம்மாவின் சிரிப்பு ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டி வருகிறது. எழுந்து போய்ச் சத்தம் போடலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

மார்ச் 26, செவ்வாய்

தேர்வுக்கு ஆட்டோவில் போனோம். அம்மா அரை நாள் விடுப்பு எடுத்து, இசக்கி அக்காவின் பக்கத்தில் முன்னால் ஒட்டிக்கொண்டார். பின்சீட்டு முழுவதும் தாசில்தார் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“தள்ளு,” என்றேன். தள்ளவில்லை.

“ஏளா, எழுப்பிராத,” என்றார் இசக்கி அக்கா. “நாங்க பேசுன பேச்சுல ராத்திரி அதுக்குச் சரியா தூக்கமில்ல.”

ஐந்து வாரம் நான் தூங்காமல் இருந்தபோது என்னை எழுப்பாதே என்று இந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று பொதுத்தேர்வு எழுதப் போவது நானா, நாயா? இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் நேரமாகிவிட்டது.

அதன் பின்னங்கால் இரண்டையும் தூக்கி, இஸ்திரி போட்ட பாவாடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு இடம் இல்லை. பள்ளி வாசல் வரை ஒரு கையால் செய்யுளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மறுகையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டேன். உருண்டு விழுந்தால் விழித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.